முப்பது லட்சமும் மூணு ஏக்கரும்

நேத்து சாயங்காலம் எதிர்த்தோட்டத்துக்காரர் வந்து திண்ணையில உட்கார்ந்தார். பையன் நீட்ல நல்ல மார்க் வாங்கியிருக்கான். "எந்தக் காலேஜை முதல்ல போடுறதுண்ணே? நீங்க ஒருதடவை பட்டவங்க"ன்னு கேட்டார். அவர்கிட்ட சொன்னதையும், சொல்லக் கூச்சப்பட்டு முழுங்கினதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க பாப்பாவுக்கு 2022 செப்டம்பரில் ரிசல்ட் வந்தது. அவள் பிளஸ் டூ படித்தது அரசுப் பள்ளியில். அதனால ஊரே, "7.5 சதவீதம் இருக்கே, பீஸே கிடையாது, மதுரையே கிடைக்கும்"னு வாழ்த்திட்டுப் போச்சு. 2020ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடத்தில் 7.5 சதவீதம் ஒதுக்கியது. அவங்க தனியார் கல்லூரிக்குப் போனாலும் பீஸை அரசே கட்டும். ஆனா ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியிலேயே படிச்சிருக்கணும்.

பாப்பா ஆறிலிருந்து ஒன்பது வரை அடிவாரத்தில் ஒரு இங்கிலீஷ் பள்ளியில் படித்தாள். சேர்த்தது நான். 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சு, நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் மரமெல்லாம் காப்பிச் செடி மேல சாய்ஞ்சது. பீஸ் கட்ட வழியில்லாமல்தான் பத்தாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாத்தினேன். அந்த நாலு வருஷம்தான் அவளோட 7.5ஐக் கொண்டுபோயிருச்சு. அப்போ அப்படி ஒரு சட்டமே கிடையாது, எனக்கு எப்படித் தெரியும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். ஆனாலும் ராத்திரியில அது வந்து நிக்கும். எதிர்த்தோட்டத்துக்காரர்கிட்ட இதைத்தான் சொல்லலை.

இனி பொது வரிசைதான். அவள் மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைக்கலாம், ஆனா பழைய பெரிய கல்லூரி கிடைக்காது. போன வருஷக் கணக்கைப் பார்த்தால் கைக்கு எட்டியது மூணு. முதலாவது, 2004ல் தொடங்கிய தேனி. இரண்டாவது, புதுசா வந்த திண்டுக்கல். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் அதுவும் ஒண்ணு. மூணாவது, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீட்டு இடம். ஆன்லைன்ல இதையெல்லாம் வரிசையாப் போடணும். மேலே போட்டது கிடைச்சிட்டா கீழே இருக்கிறதை மறந்திரணும்.

சென்னையில் இருக்கிற மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, நாளைக்கு பேஷன்ட் காலேஜ் பேரைத்தான் கேப்பான். புது காலேஜ்ல போட்டு பிள்ளையைக் கெடுத்திராதீங்க" என்றார். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கே வருஷம் நாலு லட்சத்துக்கு மேலே. ஹாஸ்டல், புத்தகம், சாப்பாடு சேர்த்தால் படிப்பு முடிய முப்பது லட்சத்தைத் தொடும். அரசுக் கல்லூரியில் வருஷ பீஸ் 20,000 தாண்டாது. என் காப்பியும் மிளகும் நல்ல வருஷத்தில் செலவு போக ரெண்டரை லட்சம் தரும். மிச்சத்துக்கு நிலம்தான். ரிசார்ட் கட்ட இடம் தேடுற ஆள் ஒருத்தர் ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிருந்தார். இதுக்கு நடுவுல ஜார்ஜியாவில் சீட் இருக்குன்னு ஒரு ஏஜென்ட். அந்த வருஷம்தான் உக்ரைனிலிருந்து நம்ம பிள்ளைங்க படிப்பை விட்டுட்டு உசிரைக் கையில பிடிச்சு வந்தாங்க. வேண்டாம்னு வச்சிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாகிட்ட யோசனை கேட்டேன். அவங்க சொன்னது: "கட்டடத்தைப் பார்க்காதீங்கண்ணே. காலைல ஓபியில எவ்வளவு கூட்டம், ராத்திரி எத்தனை பிரசவம்னு பாருங்க. டாக்டருக்குப் பாடம் சொல்றது நோயாளிதான்."

விதை வாங்குற மாதிரி நேரில் பார்த்திருவோம்னு கிளம்பினேன். சென்னைக் கல்லூரியில் லிஃப்ட் பளபளன்னு இருந்தது. வார்டில் பாதிக் கட்டில் காலி. திண்டுக்கல்லில் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனா மேலே ஒரே ஒரு பேட்ச்தான். கேட்டுக்க சீனியர் இல்லை. தேனிக் கல்லூரி ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கு. காலை ஏழரைக்கே ஓபி வரிசை நீண்டுருச்சு. போடிப் பக்கத்து ஏலத்தோட்டத்து ஆளுங்க, கம்பத்து விவசாயிங்க, பாம்பு கடிச்சு வந்தவங்கன்னு ஒரே கூட்டம். ஒரு சின்ன டாக்டரம்மா, மூணு ராத்திரியா தூங்கலைன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு. எனக்குப் பதில் கிடைச்ச மாதிரி இருந்தது.

ஆனா வீட்டுக்கு வந்ததும் மனசு மறுபடி ஆடுச்சு. நான் செஞ்ச தப்புக்கு ஈடா நிலத்தைக் கொடுத்து பெரிய ஊர்ல படிக்க வைக்கலாமேன்னு தோணுச்சு. பாப்பாகிட்ட கேட்டேன். அவளுக்குச் சென்னை ஆசை உண்டு, மறைக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "நிலத்தை வித்துப் படிச்சா அந்தப் பணத்தை நான் திருப்பி எடுக்கணும்ப்பா. அப்புறம் நம்ம ஊர் மாதிரி இடத்துல நான் எப்படி வேலை பார்க்கிறது?" என்றாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு டாக்டர் எங்கே போய் உட்காருவார்ங்கிறதைப் பாதி அவர் கட்டின பீஸே முடிவு பண்ணிருது. கொடைக்கானலில் 1960ல் கண் மூடிய ஐடா ஸ்கடரை இங்கே நினைச்சுக்கிறேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூணு பெண்கள், ஆண் டாக்டர் தொடக்கூடாதுன்னு பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்துத்தான் அந்தம்மா மருத்துவம் படிக்கப் போனாங்க. 1918ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அதுதான் இன்னைக்கு சி.எம்.சி. தனியார் நிர்வாகம்தான், ஆனா படிப்புக் கட்டணம் இன்னைக்கும் ரொம்பக் குறைவு. பேரும் இருக்கு, பீஸும் குறைவு. ரெண்டும் சேர்ந்து வரலாம்ங்கிறதுக்கு அதுவே சாட்சி. அங்கே இடம் கிடைக்கிறது லேசில்லைங்கிறது வேற விஷயம்.

வத்தலக்குண்டு போய் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையைப் பதிஞ்சோம். முதல்ல தேனி, ரெண்டாவது திண்டுக்கல். சென்னையைக் கடைசியில் போடலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. தேனி கிடைச்சது. நவம்பரில் காப்பிப் பழம் பறிக்க ஆள் வந்த வாரம் ஹாஸ்டலில் விட்டுட்டு வந்தேன்.

லீவுக்கு வந்தா எங்க அம்மாவுக்கு பிரஷர் பார்ப்பா. அக்கம்பக்கத்து ஆளுங்க சும்மா வந்து கையை நீட்டுவாங்க. நாளைக்கு இவ மலைக்குத் திரும்புவாளா? நான் கேட்கலை. கேட்டா அதுவும் ஒரு கடனாயிரும். வரணும்னு நினைச்சா வர்றதுக்குத் தடையா எதையும் நான் வைக்கலை, அதுபோதும்.

எதிர்த்தோட்டத்துக்காரர்கிட்ட இவ்வளவுதான் சொன்னேன்: ஓபி வரிசையைப் போய்ப் பாருங்க, அப்புறம் பையன்கிட்ட கேளுங்க, நிலப் பத்திரத்தைக் கடைசியா எடுங்க. இன்னும் ஒண்ணு சொல்லியிருக்கணும். அவர் சின்ன மகள் இப்போ அஞ்சாம் வகுப்பு. நாளைக்குக் காலைல போய் அந்த 7.5 விஷயத்தைச் சொல்லிட்டு வரணும். கூச்சமா இருந்தாலும் சொல்லணும்.