மானியும் மனிதனும்

கொம்பனித்தெருவின் பழைய ஆங்கிலப் பெயருக்கு அடிமைத் தீவு என்பது பொருள். ஒல்லாந்தர் தம் பணிக்கெனக் கொண்டுவந்த அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலின் அப்பெயர் அதற்கு வாய்த்தது. இன்று பேர வாவியின் கரையில் வானளாவிய மாடிகள் எழுந்துவிட்டன. எனினும் அடிமை, ஆண்டான் என்னும் கேள்வி புதிய வடிவில் மீண்டும் எழுந்துள்ளது. 1920 இல் கரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தின் வாயிலாக உலகுக்கு அறிமுகமான ரோபோ என்னும் சொல், செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. மனிதன் தன் ஊழியத்துக்கெனப் படைத்த பொறி, இனி அவனையே வேண்டாதவனாக்கிவிடுமா?

இவ்வினா ஒரு நாள் மாலை, கியூ வீதியையொட்டிய ஒழுங்கை ஒன்றிலுள்ள சிறு வீட்டில் எழுந்தது. அங்கு வாழும் முதியவர் எழுபதைக் கடந்தவர். இளமையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். ஆனையிறவின் உப்பைக் கரைத்து, அக்கரைசலூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய தொழிற்சாலை அது. ஒன்று சவர்க்காரத்துக்கு உதவும். மற்றையது குடிநீரைச் சுத்திகரிக்கும். 1980களின் நடுப்பகுதியில் போர்ச் சூழலில் அங்கு உற்பத்தி நின்றது. முதியவர் கொழும்புக்கு வந்தார். இப்பொழுது அவருடைய பேர்த்தி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் பயில்கின்றாள்.

அன்று அவள் யப்பானிய செய்தி ஒன்றை வியப்போடு எடுத்துரைத்தாள். 2022 இன் தொடக்கத்தில் யோக்கோகாவா, ஜே.எஸ்.ஆர். என்னும் இரு நிறுவனங்கள் இணைந்து, இரசாயன ஆலையொன்றின் வடிப்புக் கோபுரத்தைத் தொடர்ந்து 35 நாட்கள் செயற்கை நுண்ணறிவின் கையில் ஒப்படைத்தன. தொழிற்சாலைகளில் கணனி புகுந்தது புதிதன்று. 1959 இலேயே அமெரிக்காவின் போர்ட் ஆதர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அது கட்டுப்பாட்டுப் பணியை ஏற்றது. ஆயின் அத்தகைய கணனி, மனிதன் எழுதிக்கொடுத்த விதியை நிறைவேற்றுவது. யப்பானிய பொறியோ, முயன்றும் தவறியும் தானே கற்றுக்கொண்டது. அதுவரை அனுபவமிக்க தொழிலாளர் கையால் திருகிச் சரிசெய்துவந்த அடைப்பான்களை அது இயக்கியது.

முதியவர் பொறுமையாகக் கேட்டிருந்து ஒரே ஒரு வினாவை எழுப்பினார்.

“அந்த 35 நாளும் பக்கத்திலை ஆர் நிண்டது, பிள்ளை?”

“ஆக்கள் நிண்டவை, அப்பப்பா. பாத்துக்கொண்டு மட்டும் நிண்டவை.”

“பாத்துக்கொண்டு மட்டும் நிக்கிறவனுக்கு ஒரு நாள் பாக்கவும் தெரியாமல் போகும்.”

எழுத்தறிவு மிகுதியும் பெறாத தொழிலாளி ஒருவரின் இக்கூற்று, 1983 இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் உளவியலறிஞர் தன்னியக்கத்தின் முரண்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமேயாகும். எளிய வேலைகளைப் பொறி ஏற்கும். பொறியால் இயலாத இக்கட்டான வேளை மட்டுமே மனிதனிடம் விடப்படும். ஆனால், நாளாந்தப் பயிற்சியை இழந்த கைகள் அவ்வேளையில் என் செய்யும்?

வரலாறு இதற்குத் துயரமான சான்றுகளை வைத்துள்ளது. 2005 மார்ச் 23 ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி சுத்திகரிப்பு ஆலையில் கோபுரமொன்று 150 அடிக்கு மேல் திரவத்தால் நிரம்பிக்கொண்டிருந்தது. மானியோ மட்டம் குறைந்துவருவதாகக் காட்டிற்று. விளைந்த வெடிப்பில் 15 பேர் மாண்டனர். 1984 டிசம்பரில் போபாலில் மெதில் ஐசோசயனேற்று கசிந்த இரவில், தொழிலாளர் தம் கண்கள் எரிந்ததைக் கொண்டே கசிவை முதலில் உணர்ந்தனர். மானிகள் அடிக்கடி பிழைபட்டமையால், உயர்ந்த அமுக்கத்தைக் காட்டியபோதும் அவற்றை நம்பினாரில்லை. செலவைக் குறைக்கும் பொருட்டு ஆட்தொகை முன்னரே பாதியாக்கப்பட்டிருந்தது. குளிரூட்டும் அமைப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓரிடத்தில் பொய்யுரைத்த மானி நம்பப்பட்டது. மற்றோரிடத்தில் மெய்யுரைத்த மானி நம்பப்படவில்லை. எதை எப்போது ஐயுறுவது என்பதே இத்தொழிலின் உயிரான அறிவு.

அதனால் மனிதனே போதும் எனக் கொள்வதும் பேதைமையாம். குளோரீனின் நெடியை முதலில் மூக்கே காட்டும் என்பார் முதியவர். ஆனால் நாள்தோறும் முகர்ந்த மூக்கு அந்நெடிக்குப் பழகிவிடும் என்பதையும் அவரே ஒப்புக்கொள்வார். ஆகவேதான் அமோனியாக் கரைசலில் தோய்த்த துணியைக் கோலின் நுனியிற் கட்டி, குழாயின் மூட்டுத்தோறும் காட்டிச் செல்வது அத்தொழிலின் வழக்கமாயிற்று. கசிவுள்ள இடத்தில் வெண்புகை எழும். இன்று அப்பணியை உறங்காத உணரிகள் செய்கின்றன. நச்சுவாயுவின் அருகே மனித உடலை நிறுத்தாமற் காக்கும் பொறியை வெறுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அப்படியாயின் குறை எங்கே உள்ளது? செயற்கை நுண்ணறிவு தனக்கு அளிக்கப்பட்ட பதிவுகளைக் கொண்டே கற்கின்றது. மணிதோறும் எழுதப்பட்ட வெப்பநிலையும் அமுக்கமும் பதிவேட்டில் உண்டு. பம்பியின் ஓசை சற்றே தடித்தபோது ஒருவன் நின்று செவிமடுத்தது அங்கு இல்லை. முதியவர் அறிந்தவற்றுட் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறியதன்று. அது கையிலும் காதிலும் தங்கியது, அவரோடு மறையவிருப்பது. வளர்ந்த நாடுகளில் பழைய தொழிலாளியின் அறிவு சிறிதேனும் பொறிக்குள் சென்று சேர்கின்றது. தொழிற்சாலையையே இழந்த மண்ணில் அதற்கும் வழியில்லை. பரந்தனின் பெயர் தாங்கிய அரச நிறுவனம் குளோரீனை இறக்குமதி செய்து விநியோகித்து வந்துள்ளது. நாளை அங்கு புதிய ஆலை எழுமாயின், பொறியையும் அதன் அறிவையும் ஒருங்கே விலைக்கு வாங்க நேரும். பிறர் மண்ணிற் கற்ற பொறி, வன்னியின் கோடையையும் கச்சான் காற்றையும் அறியுமா?

ஆதலின் தொழிலாளி வேலை இழப்பானா என்பதோடு இவ்விவாதம் முடிந்துவிடலாகாது. ஆலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கும், அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தும் அறிவு அவரிடம் எஞ்சியிருக்குமா என்பனவே முதன்மையான வினாக்கள். பொறி இயக்கட்டும், ஆனால் மாதத்திற் சில நாட்களேனும் மனிதன் தன் கையால் ஆலையை இயக்கிப் பழகவேண்டும். ஐயம் எழுந்தவிடத்து ஆலையை நிறுத்தியவன் தண்டிக்கப்படலாகாது. விபத்து நேரின், பொறியின்மீது பழிபோட்டு முதலாளி தப்புதலும் ஆகாது.

அன்றிரவு கோயில் மணி ஓய்ந்த பின், பேர்த்தி அப்பியாசக் கொப்பியொன்றை விரித்து முதியவரின் எதிரே அமர்ந்தாள். குளோரீன் கசிந்தால் முதலிற் செய்யவேண்டியது யாதென வினவினாள். அவர் நெடுநேரம் யோசித்தார். நாற்பது ஆண்டுகளாக எவரும் அவரிடம் கேளாத கேள்வி அது.

“முதல்லை காத்து எந்தப் பக்கத்தாலை வீசுது எண்டு பாக்கவேணும், பிள்ளை. காத்துக்கு எதிர்ப்பக்கமாய் மேட்டுக்குப் போகவேணும். அது பாரமான வாயு, பள்ளத்திலைதான் தங்கும்.”

அவள் எழுதிக்கொண்டாள். இத்தகைய கொப்பிகள் நிறையும் நாட்டிலேயே பொறி மனிதனுக்கு ஊழியம் செய்யும். ஏனைய நாடுகளில் மனிதனே பொறிக்கு ஊழியம் செய்ய நேரும்.