அம்மா விரல் சொன்ன அரை மில்லிமீட்டர்

போடியில ஏலக்காய் வாசனை அடிக்காத சட்டையே கிடையாதுங்க. என் ஷூட்டிங் ஜாக்கெட்டும் அப்படித்தான். அம்மாவுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கிற கூலி வேலை. எனக்கு காலேஜ் ரேஞ்சுல ஏர் ரைஃபிள்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்ல பத்துப் பாயின்ட் புள்ளியோட அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9. 2008 ஆகஸ்ட் 11-ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டுல 10.8 அடிச்சு தங்கத்தைத் தூக்கினாரே, அதே ஆட்டம். போன வருஷ செலக்‌ஷன்ல நான் கோட்டை விட்டது 0.6-ல! ரெண்டு நாள் சோறு இறங்கலை.

அழுது முடிச்சதும் ஆராய்ச்சியில இறங்கினேன். வெளிநாட்டுல பெரிய ரைஃபிள் சுடுறவங்க தோட்டாவை வீட்டுலயே கட்டுவாங்களாம். கூடு, குண்டு எல்லாத்தையும் எடை போட்டுப் பிரிப்பாங்களாம். என்.சி.சி-யில நாம சுடுற பாயின்ட் டூ டூ தோட்டாவுல அந்த வேலையெல்லாம் ஆகாது. ஆனா, என் பெல்லட்டைப் பிரிக்கலாமே! 4.5 மி.மீ ஈயம், எடை அரை கிராம் சொச்சம், ஒரு டின்ல 500. மேட்ச் பெல்லட் டின் ஒண்ணு அம்மாவோட மூணு நாள் கூலி.

தெரிஞ்ச நகைக்கடை அண்ணன்கிட்ட கெஞ்சி, மில்லிகிராம் காட்டுற தராசுல ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்தேன். "என்ன பாப்பா, ஈயத்துக்கு ஹால்மார்க் வேணுமா?"ன்னு ஓட்டினார். எடைவாரியா மூணு டப்பா ரெடி. மறுநாள் சுட்டா... மூணு டப்பாவுக்கும் குரூப்பிங்ல பெருசா வித்தியாசமே இல்லை. பத்து மீட்டர் தூரத்துல அந்த மில்லிகிராம் எல்லாம் சும்மா!

ராத்திரி கடுப்போட அம்மாவோட முறத்தை எடுத்தேன். "ஏண்டி, திங்கிற சாமான்ல ஈயத்தைக் கொட்டப் போறியா?"ன்னு ஒரு கத்து. அப்புறம் அவங்களே கண்ணாடியைக் கழட்டித் தரையில சாய்ச்சு வெச்சு, பெல்லட்டை ஒண்ணொண்ணா உருட்டிவிட்டாங்க. முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் இருக்கிறதால எல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சு ஓடுச்சு. ஒண்ணு மட்டும் தள்ளாடி வேற பக்கம் போச்சு. விரல்ல தொட்டுப் பார்த்துட்டு, "இதுக்குப் பாவாடை கிழிஞ்சிருக்குடி."

நிஜமாவே பெல்லட்டோட பின்பக்கத்துக்கு 'ஸ்கர்ட்'னுதான் பேர்! பின்னாலிருந்து தள்ளுற காத்து அந்த ஓரத்தை குழலோட அழுத்தி அடைக்கணும். ஓரம் நசுங்கியிருந்தா ஒரு பக்கமா காத்து கசியும், குண்டு தடுமாறும். தலையோட அளவும் முக்கியம். 4.49-ஆ, 4.50-ஆ, எது நம்ம குழலுக்கு ஒத்துப்போகுதுன்னு ரைஃபிளை அசையாமப் பிடிச்சுவெச்சு சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும். கோச் உதவியோட அதையும் பண்ணினோம். எங்க ரைஃபிளுக்கு 4.50 செட் ஆச்சு.

500-ல அம்மா கழிச்சது 31. குப்பையில போடப் போன என் கையைப் பிடிச்சுட்டாங்க. "எட்டு மில்லி காய்க்கு ஒரு விலை, சின்னக் காய்க்கு ஒரு விலை. எதையாச்சும் தூரக் கொட்டுறோமா? பழகுறதுக்கு வெச்சுக்க."

அடுத்த செலக்‌ஷன்ல பழைய ஸ்கோரைவிட 4.1 கூடுச்சு, டீம்ல இடமும் கிடைச்சது. பெல்லட்டால கூடினது அதுல கொஞ்சம்தான். மிச்சம் மூச்சும் ட்ரிகரும்னு கோச் சொல்றார். ஆனா, ஒரு ஷாட் விலகினா இப்பல்லாம் பெல்லட்டைத் திட்ட முடியலை.

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து சாப்பிடுடி"ன்னாங்க.