கட்டைவிரல் சொன்ன கம்ப்ரஷன்

மெக்கானிக்கல் படிக்கிறோம் என்று சொன்னதுமே சொந்தக்காரர்கள் கேட்பது என்னவென்று உங்களுக்கும் தெரியும். "ஃபேன் சுத்தல, கொஞ்சம் பாருடா!" மிக்ஸி, பம்ப்செட், சைக்கிள் என்று எது நின்றாலும் நம்மைத்தான் தேடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். ஆனால் சமயநல்லூரில் என் சித்தப்பாவின் அம்பாசிடர் நின்றுபோனபோது மட்டும் என்னை யாரும் கூப்பிடவில்லை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவரின் வண்டியில், மீசை சரியாக முளைக்காத பயல் என்ன பார்க்கப்போகிறான்?

அம்பாசிடரைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. சித்தப்பாவுடையது மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இப்போது அவர் வேறொருவரின் லோடு வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறார். அம்பாசிடர் வேப்பமரத்தடியில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேனூர் வரை ஒரு நடை போய்வரும். நான் பிறந்தபோது மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அந்தப் பின்சீட்டில்தான். முதல் செமஸ்டர் பீஸ் கட்ட என்னை அழைத்துப் போனதும் அதே வண்டி. பீஸ் பணத்தில் பாதி சித்தப்பாவுடையது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்கு வந்த நோய் ஹெட் கேஸ்கட். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா மரத்தடியிலேயே ஹெட்டைக் கழற்றினார். மதுரையில் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன் செய்து வாங்கினார். பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டினார், புது கேஸ்கட் போட்டார். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும் வரிசையில், டார்க் ரென்ச் இரவல் வாங்கி முறுக்கினார். நம் ஒர்க்ஷாப்பில்கூட சிலர் இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை! டேப்பட் கேப் வைத்து, புது ஆயில் ஊற்றி, சாமி கும்பிட்டு சாவியைத் திருகினார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு தடவை கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு வெடி. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் குதித்தார்.

அது புதன்கிழமை. அன்றிலிருந்து சனிக்கிழமைவரை மரத்தடியில் ஒரே வைத்தியர் கூட்டம்தான். ஒருவர் காயில் போச்சு என்றார், புதுக் காயில் வந்தது. ஒருவர் கண்டன்சர் என்றார், அதுவும் வந்தது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவினார்கள். ஆறு பேர் சேர்ந்து திண்டுக்கல் ரோடு வரை தள்ளினார்கள். பேட்டரி இறங்கியது, ஏற்றினார்கள், மறுபடி இறங்கியது. சித்தி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கெழம பழைய இரும்புக்காரர் வர்றாரு. அதுக்குள்ள ஓடலைன்னா எடை போட்டு குடுத்துருங்க. இதுக்கு மேல ஒரு ரூவா செலவழிக்க விடமாட்டேன்." சித்தப்பா பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்துதான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது கூட்டம் கலைந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். புதிய மூளை ஒன்றும் வேண்டாம், நாம் படித்ததுதான். பெட்ரோல் எஞ்சின் ஓட வேண்டியது நான்கு: பெட்ரோலும் காற்றும், ஸ்பார்க், கம்ப்ரஷன், இவை சரியான நேரத்தில் வருவது. ஹெட்டைக் கழற்றுவதற்கு முந்தின நாள்வரை ஓடிய வண்டி இது. நல்லா இருந்த காயில் அன்றைக்கென்று பார்த்து ஏன் சாக வேண்டும்? கை வைத்த இடத்தில்தானே தேட வேண்டும்! கை வைக்காத இடத்தையும் கணக்குப் பார்த்தேன். இது பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட் இருக்கிற, புஷ் ராடு வைத்த எஞ்சின். டைமிங் செயின் முன்பக்கம் மூடிக்குள் இருக்கிறது. ஹெட்டைத் தூக்கினாலும் அது அசையாது. ஆக, வால்வு டைமிங் மாறியிருக்காது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோல் ஈரம் இருக்கிறது, ஸ்பார்க்கும் நீலமாக விழுகிறது. மிச்சம் நேரம் ஒன்றுதான்.

"சித்தப்பா, பிளக் ஒயர் மாட்டுறப்ப ஒண்ணாம் நம்பரை எப்படி வச்சீங்க?"

"புல்லி மார்க்கை மேல கொண்டாந்து, ரோட்டர் எங்க பாக்குதோ அங்க ஒண்ணு. அப்புறம் 1, 3, 4, 2. இது கூடத் தெரியாமயா முப்பது வருஷம் ஓட்டுனேன்?"

கோபம் குரலில் வந்துவிட்டது. அதே நேரம் பழைய டிரைவர் நண்பர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் "நீங்க மாட்டுனது தப்பு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு போட்ட கைக்கு எப்படிச் சொல்வது?

கோவை ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார் என்பது நமக்குத் தெரிந்த கதை. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு போதும் என்று சொல்லி, அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகினார். (நம் மூன்று வருஷத்தைப் பற்றி என்ன சொல்வாரோ!) அவர் ஞாபகம் வந்ததால், வாதம் வேண்டாம், எஞ்சினே பேசட்டும் என்று விட்டேன்.

"சித்தப்பா, நாலு பிளக்கையும் கழட்டிருவோம். நான் முன்னாடி ஹேண்டில் போட்டு மெதுவாச் சுத்துறேன். நீங்க ஒண்ணாம் நம்பர் ஓட்டைல கட்டைவிரலை வச்சு அமுக்கிக்கங்க. காத்து தள்ளுனா சொல்லுங்க."

சுற்றினேன். மார்க் மேலே வந்தது. "ஒண்ணும் தள்ளல," என்றார். இன்னும் ஒரு முழுச் சுற்று. மார்க் மறுபடி மேலே வரும்போது, "டேய், தள்ளுதுடா!" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தோம். ரோட்டர் நான்காம் நம்பர் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான் விஷயம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் ஒண்ணாம் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு தடவை மேலே வரும்: கம்ப்ரஷன் முடிவில் ஒரு தடவை, எக்ஸாஸ்ட் முடிவில் ஒரு தடவை. புல்லி மார்க்குக்கு இரண்டும் ஒன்றுதான். கரி சுரண்ட எஞ்சினைச் சுற்றியதில் அது எக்ஸாஸ்ட் பக்கம் நின்றிருக்கிறது. இன்லெட் வால்வு திறக்கிற நேரத்தில் ஸ்பார்க் விழுந்தால் நெருப்பு கார்புரேட்டர் வழியாகத்தானே வரும்? அந்த 'டப்' புதன்கிழமையே இதைச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் காயில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டரையே பார்த்துக்கொண்டு, "அப்ப ஒண்ணும் நாலும் மாத்து, ரெண்டும் மூணும் மாத்து," என்று அவரே சொன்னார். ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை. பிளக்குகளைத் துடைத்து மாட்டினோம். பேட்டரி சோர்ந்திருந்ததால் அவரே ஹேண்டிலைப் பிடித்தார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் மூன்று காபி கொண்டுவந்தாள்.

பழைய டிரைவர் கேட்டார், "யாருப்பா கண்டுபிடிச்சது?" சித்தப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "பாலிடெக்னிக்ல படிக்கிறான்ல," என்றார்.

புதுக் காயில் இப்போது டேஷ்போர்டுக்குள் ஸ்பேராகக் கிடக்கிறது. கொஞ்சம் ஓடி கேஸ்கட் படிந்த பிறகு ஹெட் நட்டுகளை ஒரு தடவை சரிபார்த்து, டேப்பட் கேப்பும் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு டார்க் ரென்ச்சை மறுபடி இரவல் கேட்கப் போகிறோம். சித்தப்பா இந்தத் தடவை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.