இரண்டு வினைச்சொற்கள்



இறையியல் கல்விக்காக நான் டெக்சாஸ் மாநிலத்தில் தங்கியிருந்த நாட்களில், ஓர் ஆலயத்தில் நடந்த ஆங்கில வகுப்பில் உதவிவந்தேன். அங்கே ஸ்பானிய மொழி பேசும் முதிய தச்சர் ஒருவர் பயின்றார். எழுதியபடியே வாசிக்கும் தாய்மொழியில் பழகிய அவர், ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் இடறியே வாசித்தார். ஆயினும் அவரைக் கலங்கச் செய்தது ‘ஐ ஆம்’ என்னும் சிறு தொடரே.

“எங்கள் மொழியில் ‘நான் தச்சன்’ என்பதற்கு ‘செர்’ என்னும் வினை, ‘நான் துக்கமாயிருக்கிறேன்’ என்பதற்கு ‘எஸ்தார்’ என்னும் வினை. முன்னது நான் யார் என்று காட்டும். பின்னது என் நிலையைக் காட்டும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். அப்படியானால் என் துக்கமும் என் தொழிலைப்போல் என்னோடு நிலைத்துவிடுமோ, போதகரே?” என்றார். முந்தைய ஆண்டில் மனைவியை இழந்தவர் அவர்.

“ஒருவர் மரித்திருக்கிறார் என்பதற்கு உங்கள் மொழியில் எந்த வினை?” என்று கேட்டேன்.

“எஸ்தார்” என்றவர், சற்று நேரம் மௌனமானார். பின்பு அவர் கண்கள் கலங்கின.

மரணம் ஒரு மாற்றத்தின் விளைவு ஆகையால் அவ்வினை வருகிறது என்பர் இலக்கண ஆசிரியர். எங்களுக்கோ, மரித்த லாசருவை நித்திரையாயிருக்கிறான் என்று ஆண்டவர் சொன்ன யோவான் 11ஆம் அதிகாரமே நினைவுக்கு வந்தது.

பிரியமானவர்களே, துக்கம் நம் நிலை. அது நம் பெயரன்று. நாம் தேவனுடைய பிள்ளைகள். அதுவே நிலைத்திருக்கும். ஆமென்.