நரம்பு கிள்ளும் பெரியவர்

கோயில் வாசல் பூக்கடை. பூக்காரம்மா வாழை இலையின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறார். கிழிசல் கோணாமல் நடுத்தண்டு வரை ஓடுகிறது. பக்க நரம்புகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் படுத்திருப்பதால், அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய வழியே அது போகிறது. துண்டில் மல்லிகைச் சரம் ஏறுகிறது. சரம் கட்டிய நாரும் வாழைதான். மட்டைக்குள் நீர் ஏறும் குழாய்களுக்குக் காவல் நின்ற இழைகள்!

எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர் வெற்றிலையைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறார். காம்பைக் கிள்ளி, முதுகில் புடைத்த நரம்புகளை நகத்தால் உரிக்கிறார். அடியில் பிரிந்து, வளைந்து, நுனியை நோக்கிப் போகிறவை. ஒவ்வொன்றுக்குள்ளும் மேற்புறம் நீர்க்குழாய்கள், கீழ்ப்புறம் இலை சமைத்த சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாய்கள். அவருக்கு அது பல்லில் சிக்கும் சக்கை. எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு தடவுகிறார்.

குளத்துப் படியில் ஊறி மக்கிய அரச இலை ஒன்று கிடக்கிறது. சதையெல்லாம் போய், வலை மட்டும் மிச்சம். பெரிய கண்ணிக்குள் சின்னக் கண்ணி, அதற்குள் இன்னும் சின்னது. புழு ஓரிடத்தில் தின்றாலும் நீர் வேறு கண்ணியில் சுற்றிக்கொண்டு போகும். 2010-இல் எலெனி கடிஃபோரி, மார்செலோ மாக்னாஸ்கோ முதலிய ஆய்வாளர்கள் எலுமிச்சை இலையின் நடுநரம்பில் துளையிட்டு, ஒளிரும் சாயத்தை ஏற்றிக் காட்டினார்கள். சாயம் துளையைச் சுற்றி வளைந்து அப்பால் சேர்ந்தது.

கூடையில் செம்பருத்தி. இதழ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தால், ஒடுங்கிய அடியில் நுழையும் நரம்புகள் விசிறியாகப் பிரிவது தெரிகிறது. இலையில் காணும் நெருக்கம் இல்லை. இலை மாதக்கணக்கில் வெயிலில் நின்று, காற்றை வாங்கத் துளைகளைத் திறந்து, திறந்த துளை வழியே நீரை இழந்துகொண்டே இருக்கிறது. செம்பருத்திக்கு ஒரு பகல்தான். ஒருநாள் கல்யாணப் பந்தலுக்கு யார் குழாய் பதிப்பார்கள்? நிறத்தில் ஊதாரி, நீர்வழியில் சிக்கனக்காரி.

பூக்காரம்மா சரத்தின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். பறித்த மொட்டுக்கு வேரிலிருந்து இனி ஒரு சொட்டும் வராது. தெளித்த ஈரம், உள்ளே இருப்பது சீக்கிரம் உலராமல் பார்த்துக்கொள்கிறது.

"அக்கா, ரெண்டு முழம். மொட்டாப் பாத்துக் குடுங்க."

"எல்லாம் மொட்டுதான் கண்ணு. ராத்திரிக்கு விரியும்."