பன்சியோனின் பூர்வீகம்

துருக்கியின் ஏஜியன் கடலோரத்திலும் மத்தியதரைக் கடலோரத்திலும், பத்துப் பதினைந்து அறைகளுக்கு மிகாமல், பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் சிறிய கோடை விடுதி 'பன்சியோன்' என்று வழங்கப்படுகிறது. கீழ்த்தளத்தில் வீட்டார் குடியிருக்க, மாடி அறைகள் விருந்தினருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதும், முற்றத்துத் திராட்சைப் பந்தலின் நிழலில் நான்கைந்து மேசைகள் போடப்பட்டிருப்பதும், அடுப்படியை வீட்டுப் பெண்களும் கணக்கு வழக்கைப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வதும் இவ்விடுதியின் பொது இயல்புகள். மே மாத வாக்கில் திறந்து அக்டோபர் இறுதியில் அடைக்கப்படும் இந்த விடுதி வகை எப்படி, யாருடைய தேவையால் தோன்றியது என்னும் கேள்விக்கு, பெரிய ஹோட்டல்களின் வரலாற்றைப் போல எளிதில் விடை கிடைப்பதில்லை. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்ட குடும்பம் திறப்பு விழா நடத்துவதில்லை. கல்வெட்டும் பொறித்து வைப்பதில்லை. ஆகவே சொல்லையும் நிலத்தையும் சட்டத்தையும் சான்றாகக் கொண்டே இதன் பூர்வீகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

துருக்கியில் விருந்தோம்பல் என்றவுடன் நினைவுக்கு வருவது 'கெர்வன்சராய்', அதாவது வணிகச் சாத்துகள் தங்கிச் செல்லக் கட்டப்பட்ட வழிச்சத்திரம். அனடோலியாவை ஆண்ட செல்ஜூக் சுல்தான்கள், ஒட்டகச் சாத்து ஒரு பகலில் நடந்து கடக்கக்கூடிய முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக இவற்றை எழுப்பினர். அக்சராய் நகருக்கு அருகில், முதலாம் அலாவுத்தீன் கைகுபாத்தின் ஆட்சியில் 1229-இல் கட்டப்பட்ட சுல்தான் ஹான், சிற்ப வேலைப்பாடு நிறைந்த உயர்ந்த வாயிலோடு இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு மூன்று நாள்வரை கட்டணமின்றி இடமும் உணவும் தருவது இச்சத்திரங்களின் மரபாக இருந்தது. அதற்கான செலவு 'வக்ஃப்' எனப்படும் அறக்கட்டளையின் வருவாயிலிருந்து வந்தது. ஆனால் இந்தச் சத்திரத்தைப் பன்சியோனின் மூதாதையாகக் கொள்வதற்குச் சான்றுகள் இடம் தருவதில்லை. சத்திரம் உள்நாட்டு வணிகப் பாதையில் இருந்தது, பன்சியோனோ கடலோரத்தில் இருக்கிறது. அங்கே செலவை ஏற்றது அறக்கட்டளை, இங்கே தங்குபவரே பணம் தருகிறார். அங்கே குடும்பம் என்று ஒன்று இல்லை, இங்கே குடும்பமே விடுதி.

சொல் வேறொரு திசையைக் காட்டுகிறது. 'பன்சியோன்' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து துருக்கி பெற்ற கடன்சொல். அதன் வேர் லத்தீன் மொழியின் 'பென்சியோ'. செலுத்தப்படும் தொகை என்பது அதன் பொருள். காசை நிறுத்துக் கொடுத்த காலத்துப் பழக்கத்தையொட்டி, 'நிறுத்தல்' என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. பிரெஞ்சு வழக்கில் அந்தத் தொகை உறைவிடத்துக்கும் உணவுக்கும் சேர்த்துத் தரும் கட்டணமாகி, பின்னர் அப்படிக் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்கவைக்கும் வீட்டையே குறிக்கலாயிற்று. ஆங்கில வழக்கிலோ அதே சொல் ஓய்வூதியத்தைக் குறித்து, அங்கிருந்து தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு வந்து 'பென்ஷன்' ஆயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதந்தோறும் வாங்கும் பென்ஷனும் துருக்கியக் கடற்கரையில் கோடையைக் கழிப்பவர் தங்கும் பன்சியோனும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது சொல் வரலாற்றின் இனிய செய்திகளுள் ஒன்று. துருக்கி மொழி பிரெஞ்சுப் பொருளையே இறுகப் பற்றிக்கொண்டது: அரசுப் பள்ளிகளில் மாணவர் தங்கிப் படிக்கும் இல்லத்துக்கும் அங்கே பன்சியோன் என்றே பெயர், மூன்று வேளை உணவோடு தங்குவது 'தாம் பன்சியோன்', காலையும் இரவும் மட்டும் உணவென்றால் 'யாரம் பன்சியோன்', அதாவது அரைப் பன்சியோன்.

எனினும் பன்சியோனில் தங்க வருபவரை வீட்டார் அழைக்கும் சொல் பிரெஞ்சு அன்று; அரபி வழிவந்த 'மிசாஃபிர்'. அரபியில் 'முசாஃபிர்' என்றால் பயணி. துருக்கியில் பயணி என்னும் பொருள் மங்கி, விருந்தினர் என்னும் பொருளே நின்றுவிட்டது. இந்தியாவுக்குப் பாரசீகம், உருது வழியாக வந்த அதே சொல்லைத்தான் தமிழர் 'முசாபரி பங்களா' என்று பயணியர் விடுதிக்கு வைத்து வழங்கினர். முன்னறிவிப்பின்றி வாசலில் வந்து நிற்பவரைத் 'தான்ரி மிசாஃபிரி', இறைவன் அனுப்பிய விருந்தினர், என்று அனடோலியக் கிராமத்தார் சொல்வதுண்டு. அத்தகையோரைத் தங்கவைப்பதற்கென்றே பல கிராமங்களில் 'ஓடா' எனப்படும் பொது அறை பேணப்பட்டது. ஆக, கட்டணத்துக்குரிய சொல் ஐரோப்பாவிலிருந்தும், தங்குபவருக்குரிய சொல் கிராமத்திலிருந்தும் வந்து ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்திருக்கின்றன. இந்தச் சேர்க்கை எந்த நிலத்தில் நிகழ்ந்தது என்பதே இனித் தேட வேண்டியது.

இஸ்தான்புல்லில் அது நிகழ்ந்திருக்கலாம் என்று முதலில் தோன்றும். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்திறங்கும் ஐரோப்பியருக்காகப் பெரா பலாஸ் ஹோட்டல் 1892-இல் அங்கே எழுந்தது. கோடையில் நகரை விட்டு அகன்று தங்கும் இடத்துக்கு ஒட்டோமானியர் வழங்கிய பெயர் 'சய்ஃபியே'. பாஸ்போரஸ் கரையின் மரமாளிகைகளும் இளவரசர் தீவுகளும் அத்தகைய இடங்கள். கடலில் குளிப்பதோ நெடுங்காலம் 'தெனிஸ் ஹமாமி' எனப்பட்ட, நாற்புறமும் பலகையால் மறைத்த அடைப்புகளுக்குள் மட்டுமே நடந்தது. 1920 வாக்கில் புரட்சிக்குத் தப்பி வந்த வெள்ளை ரஷ்யர்கள்தாம் ஃப்ளோரியாக் கரையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து திறந்த கடலில் குளிக்கும் பழக்கத்தைப் பரப்பினர். 1935-இல் குடியரசுத் தலைவர் அதாதுர்க்குக்காக அதே கரையில், நீரின்மேல் தூண்களில் நிற்கும் வெண்ணிற மாளிகை கட்டப்பட்டபோது கடற்குளியலுக்கு அரசின் மதிப்பும் கிடைத்தது. ஆயினும் இவை வசதி படைத்தோர் சொந்த வீட்டிலோ பெரிய ஹோட்டலிலோ கழித்த கோடைகள். சிறு வீட்டின் மாடியறைக்கு இங்கிருந்து பாதை செல்லவில்லை.

தெற்குக் கடலோரத்தில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. அங்கே கோடை என்பது கடலைத் தேடி வரும் காலம் அன்று. கடலை விட்டு ஓடும் காலம். வெயிலும், சதுப்பு நிலங்களில் பெருகிய கொசுவும், அது பரப்பிய மலேரியாவும் மக்களை விரட்டின. கோடை தொடங்கியதும் குடும்பங்கள் ஆட்டுமந்தையோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் 'யாய்லா' எனப்படும் மலைமேட்டுப் புல்வெளிகளுக்கு ஏறிவிடுவார்கள். காஷ் ஊரார் கோம்பே மேட்டுக்கு ஏறியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உப்புக்காற்று வீசும் கரையில் கோதுமையும் தேறாது என்பதால் கடலோர நிலத்துக்கு மதிப்பில்லை. சொத்துப் பிரிக்கும்போது உள்நாட்டு வளமான வயலை ஆண்மக்களும் கல்லும் மணலுமான கரைத்துண்டைப் பெண்மக்களும் பெற்றதாகவும், பிற்காலத்தில் அந்தத் துண்டே பொன் விலை பெற்றதாகவும் ஏஜியன் ஊர்களில் வழங்கும் பேச்சு, எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாவிட்டாலும், கரையை அன்றைய மனிதர் எப்படிக் கண்டனர் என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது. குடியரசு 1926-இல் மலேரியா ஒழிப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிச் சதுப்புகளை வடிக்கவும் கொயினா வழங்கவும் முனைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி மருந்தும் சேர்ந்துகொண்டது. கோடையில் கரையில் தங்கி உயிரோடிருக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. பன்சியோனின் வரலாற்றில் எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும்விட இந்த மருத்துவப் பணிக்கே முதலிடம் தர வேண்டும்.

போத்ரும் ஊரில் இந்த மாற்றத்தை அருகில் வைத்துப் பார்க்க முடிகிறது. பழைய ஹலிகர்னாசஸ் நகரின் மேல் அமைந்த அச்சிறு துறைமுகத்தின் கோட்டை 1895 முதல் சிறைச்சாலையாக இருந்தது. 1925-இல் ஜெவாத் ஷாகிர் என்னும் எழுத்தாளர், படையிலிருந்து தப்பியோடியோர் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டது பற்றி எழுதிய கதைக்காகத் தண்டிக்கப்பட்டு, மூன்றாண்டுக் காவலில் அனுப்பப்பட்டதும் இந்த ஊருக்கே. இன்று கோடைக்குக் கோடை கூட்டம் அலைமோதும் ஊரை ஒரு மனிதனைத் தண்டிக்கப் போதுமான இடமாக அன்றைய அரசு கருதியது. தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புல்லில் கழித்த அவர், அது முடிந்ததும் தாமே விரும்பிப் போத்ருமுக்குத் திரும்பி, 'ஹலிகர்னாசஸ் மீனவன்' என்ற புனைபெயரில் கடலையும் கடல் பஞ்சு எடுக்க மூழ்குவோரையும் எழுதினார். வெளியூர்களிலிருந்து விதை வருவித்து மரம் நட்டார். 1940கள் தொடங்கி சபாஹத்தின் எயூபோலு, அஸ்ரா எர்ஹாத் முதலிய நண்பர்கள் அவரோடு பஞ்சுப் படகுகளில் ஏறிக் கரையோரமாகச் சுற்றி, இரவில் படகுத் தளத்திலேயே படுத்தெழுந்தனர். 'மாவி யோல்ஜுலுக்', நீலப் பயணம், என்று பெயர்பெற்ற இந்த உலாக்களைப் பற்றி எர்ஹாத் 1962-இல் வெளியிட்ட நூலும் அப்பெயரையே தாங்கியது. 

இவர்களின் எழுத்தால் ஈர்க்கப்பட்டு அங்காராவிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்கும் ஓவியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊரில் போதிய ஹோட்டல் இல்லை; வீடுகள் இருந்தன. சுண்ணாம்பு பூசிய, களிமண் பரப்பி இறுக்கிய தட்டைக் கூரையுடைய சிறு கல்வீடுகள் அவை. உள்ளே 'முசாந்திரா' எனப்படும் மரப்பரண் ஒன்று இருக்கும், அதன்மேல் குடும்பம் உறங்கும். 1923-ஆம் ஆண்டு துருக்கி-கிரேக்க மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையின்படி கிரேக்கக் கிறித்தவர் வெளியேறி, கிரீட் தீவின் முஸ்லிம்கள் குடியேறிய ஊர் என்பதால், வந்தவருக்கு வீட்டில் இடமளிப்பது எத்தகையது என்பதை அங்கிருந்த பல குடும்பங்கள் தம் வாழ்விலேயே அறிந்திருந்தன. மழையே இல்லாத கோடையில் கூரையிலோ முற்றத்திலோ படுத்துக்கொள்வது வழக்கமாதலால், வீட்டாருக்கு அறை தேவைப்படவில்லை. அந்த அறையில் வெள்ளை விரிப்பு விரித்து, மண்குடத்தில் தண்ணீர் வைத்து, விருந்தினரை விட்டார்கள். கடல் பஞ்சுத் தொழில் நலிந்துவந்த காலத்தில் அந்த அறை வாடகை ஒரு குடும்பத்தின் குளிர்காலச் செலவுக்குத் துணையாகியிருக்கும். சத்திரமோ மாளிகையோ அன்று, கோடையில் காலியாகும் வீட்டு அறையே பன்சியோனின் கருவறை; 'எவ் பன்சியோனு', வீட்டுப் பன்சியோன், என்று துருக்கியர் இதைக் குறிப்பதில் அந்தப் பிறப்பின் நினைவு தங்கியிருக்கிறது.

1981-இல் தலமான் விமான நிலையம் திறக்கப்பட்டதும், 1982-இல் 2634 எண்ணுள்ள சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் அரசு நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விட வழிசெய்ததும் கரையின் தோற்றத்தை மாற்றின. அந்தாலியாவைச் சுற்றி எழுந்த ஆயிரம் படுக்கை ஹோட்டல்கள் 'ஹெர் ஷெய் தாஹில்', எல்லாம் அடக்கம், என்னும் முறைக்கு மாறின. போத்ருமின் மாண்டரின் தோப்புகள் பல மனைகளாயின. பன்சியோன் பிழைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால், அவற்றுள் பல சட்டம் கட்டடத்தைத் தடுத்த இடங்கள் என்பது விளங்கும். தொல்லியல் காப்பிடங்களைத் துருக்கியர் 'சித்' என்பர். ஒலிம்போஸ் அத்தகைய காப்பிடம் ஆகையால் கான்கிரீட்டுக்கு இடமின்றி மரக்குடில்களும் மரவீடுகளுமே விடுதிகளாயின. பதாராவில் பழைய லிசிய நகரின் இடிபாடுகளும், கடலாமைகள் முட்டையிடும் நெடிய மணற்கரையும் காக்கப்படுவதால், கரையில் ஹோட்டல் எதுவும் எழாமல், உள்ளே தள்ளியிருக்கும் கெலெமிஷ் கிராமத்தின் குடும்ப விடுதிகளே வருவோரை ஏற்கின்றன. ஆமைக்காகவும் இடிந்த தூணுக்காகவும் போட்ட வேலி ஒரு வாழ்க்கை முறைக்கும் காவலாயிற்று; இது மனநிறைவு தரும் உண்மை. ஆனால் காவல் நிரந்தரம் அன்று. நெடுங்காலமாக நகராட்சி உரிமத்தோடு நடந்துவந்த சிறு விடுதிகளும் மத்திய அமைச்சகத்தின் சான்றிதழைப் பெற்றாக வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. எட்டு அறைக் குடும்பத்துக்கும் எண்ணூறு அறை நிறுவனத்துக்கும் ஒரே வாசலைக் காட்டுவது நியாயமாகாது.

பெயரின் பொருளும் தேய்ந்துதான் வந்திருக்கிறது. உணவும் உறைவிடமும் சேர்ந்ததே பிரெஞ்சுப் பன்சியோன் என்றாலும், துருக்கியக் கடலோரத்தில் இன்று பெரும்பாலான குடும்ப விடுதிகள் 'ஓடா கஹ்வால்தி', அறையும் காலை உணவும், என்ற அளவில் நின்றுவிட்டன. பழைய முழுப்பொருளில் எஞ்சியிருப்பது காலை மேசை ஒன்றே. 'கஹ்வால்தி' என்பது 'கஹ்வே', 'ஆல்த்' என்னும் இரு சொற்களின் கூட்டு. காப்பிக்கு முன் வயிற்றுக்கு அடித்தளமாக உண்பது என்று பொருள். ஆனால் ரிஸே நகரில் 1947-இல் முதல் தேயிலைத் தொழிற்சாலை எழுந்து, கருங்கடல் மலைச்சரிவுகளின் தேயிலை நாடெங்கும் மலிந்தபின், காப்பியின் பெயர் தாங்கிய உணவோடு குடிக்கப்படுவது தேநீரே. பந்தலின் கீழ், கறுப்பும் பச்சையுமாக ஆலிவ், உப்புநீரில் ஊறிய வெள்ளைப் பாலாடைக்கட்டி, காலையில் தோட்டத்தில் பறித்த தக்காளியும் வெள்ளரியும், வீட்டிலேயே காய்ச்சிய மாண்டரின் தோல் ஜாம், தேனும் தடித்த பாலேடும் என்று சிறு சிறு தட்டுகள் மேசையை நிறைக்கின்றன. அடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கெண்டிகள்: கீழ்க்கெண்டியில் கொதிநீர், அதன் ஆவியில் வேகும் மேற்கெண்டியில் கறுத்த டிகாக்ஷன். வீட்டம்மா மேற்கெண்டியிலிருந்து கொஞ்சமும் கீழ்க்கெண்டியிலிருந்து மீதியும், பால் சேர்க்காமல், இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டிகளோடு வைத்துவிட்டுப் போகிறார். குவளைக்குப் பிடி கிடையாது. சூடு தாங்காமல் விளிம்பை இரு விரலால் பற்றி உறிஞ்ச வேண்டும். அது காலியாவதை அடுப்படியிலிருந்தே கண்டு அவர் மறுபடி நிரப்புவார்; அதற்குத் தனிக் கணக்கு எழுதுவதில்லை.