உருளும் இல்லமும் உமணர் வண்டியும்

‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். அலைச்சலை விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பற்றினை விட்ட நிலையும் வீடே. எனினும், இன்று நாம் கட்டும் வீடுகளில் விட்டவை எவையெனத் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. சேர்த்தவையே கண்ணில் படுகின்றன. அச்சொல்லின் பொருளை மெய்யாகவே உணர்த்தும் வீடொன்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகிறோம். அது சக்கரங்களின்மேல் அமைந்த வீடு.

மேலைநாட்டார் அதனைக் ‘கேம்பர்வேன்’ என்பர். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே ஃபோக்ஸ்வாகன் வண்டிக்குள் பொருத்தத்தக்க படுக்கை, பெட்டி முதலியவற்றைச் செய்தளித்தது. அன்று அது விடுமுறைக்கான ஏற்பாடு. இன்றோ ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்வோர் உளர். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடங்களில் நாள்பல தங்குவோர்க்கு உள்ளமைப்பு என்பது அலங்காரமன்று. அது வாழ்க்கைக் கணக்கு.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஸ்காட்லாந்தில் பணிபுரிகிறார். பணி அவரை ஊர்விட்டு ஊர் அலைக்கிறது. வாடகையோ வருவாயின் பெரும்பகுதியை விழுங்குகிறது. வட்டிக் கடனில் வீடு வாங்க அவருள்ளம் ஒப்பவில்லை. ஆகவே, சில ஆண்டுகள் வண்டியில் வாழ்ந்து, சேமித்த பணத்தில் வீடு வாங்கத் துணிந்தார். செய்தியறிந்த அவருடைய தாயார் நம்மிடம் வந்தார். “ஊரில் கல்வீடு கிடக்க, பிள்ளை வண்டியில் கிடக்கலாமா? நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா சார்?” என்று கண்கலங்கினார். அத்தாயின் கவலையை எளிதாக ஒதுக்கிவிட இயலவில்லை. மாணவரிடம் வண்டியின் வரைபடத்தைக் கேட்டோம்.

முதலில் வந்த வரைபடத்தில் அகன்ற மெத்தை, தொலைக்காட்சி, மின்னடுப்பு எல்லாம் இருந்தன. தண்ணீர் எங்கே என்பது மட்டும் இல்லை. “ஒருநாளைக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?” என்று மட்டும் கேட்டு எழுதினோம். மூன்று வாரம் கழித்து வந்த இரண்டாம் வரைபடம் நீரிலிருந்து தொடங்கியிருந்தது.

நூறு லிட்டர்த் தொட்டி ஒன்று. ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் இசைவு பெற்று நிரப்பினால் அடுத்த ஜும்ஆ வரை வரவேண்டும். ஆக, நாளொன்றுக்குப் பதினான்கு லிட்டர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது நாமறிந்த செய்தி. இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவே அது. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஐவேளைக்கும் நான்கு லிட்டர் போதும். எஞ்சிய பத்தில் குடிநீர், சமையல், கழுவுதல் யாவும் அடங்கின. குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்யும் நமக்கு இக்கணக்கு ஒரு பாடமன்றோ?

அடுத்தது மின்சாரம். பன்னிரண்டு வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி தருவது 2,400 வாட்-மணி. 2,000 வாட் மின்னடுப்பை ஒருமணி நேரத்திற்குச் சற்று மேல் எரித்தால் அத்தனையும் தீர்ந்துவிடும். விளக்குகளுக்கோ அது பல நாள் உணவு. ஆகவே மின்னடுப்பு நீங்கி எரிவாயு அடுப்பு வந்தது. கூரையின் சூரியத் தகடுகள் கோடையில் தாராளமாக வழங்கும். டிசம்பரில் அங்கே பகற்பொழுது ஏழு மணிநேர அளவே. வெயிலும் சாய்ந்தே விழும். அப்போது கிடைப்பது கோடையின் சிறு பங்கே. எனவே வண்டி ஓடும்போது பொறியிலிருந்தும் மின்னேற்ற வழிசெய்தார். குளிர்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிடலாம். வெளிக்காற்றே அப்பணியைச் செய்யும்.

மூன்றாவது காற்று. உறங்குபவரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த இரும்புச் சுவரில் நீராகப் படியும். மரம் பூசணம் பிடிக்கும், இரும்பு துருவேறும். ஆகவே சுவருக்குள் வெப்பம் கடத்தாத பொருளை நிரப்பி, கூரையில் எந்நேரமும் திறந்திருக்கும் காற்றுப்போக்கியும் அமைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் உருளை வைக்கும் பெட்டியின் அடியில் வெளியேறும் துளை கட்டாயம். நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியும் வேண்டும். இவ்விரண்டையும் தாயாரிடம் விளக்கியபோதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

நூறு லிட்டர் நீர் என்பது நூறு கிலோ பாரமுமாகும். எனவே தொட்டி அச்சுக்கு அருகில், தாழ்வாக அமைந்தது. கட்டிலுக்கும் அடுப்படிக்கும் இடையே தொழுகை விரிப்பின் அகலத்திற்கு வழிவிட்டார். நிமிர்ந்து நின்று தொழுவதற்கென்றே உயர்ந்த கூரையுள்ள வண்டியைத் தேர்ந்தார். அந்நாட்டிலிருந்து கிப்லா தென்கிழக்காக அமைவதால், வண்டியை நிறுத்தும்போதே திசை பார்த்து நிறுத்துகிறார்.

இவையெல்லாம் தமிழர்க்குப் புதியனவோ எனின், அல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் உப்பு வண்டியை நோக்குக. கூரை வேய்ந்த அவ்வண்டியில் கோழிக்கும் கூடு உண்டு. சிற்றுரல் கட்டித் தொங்குகிறது. காடிக் கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகிறாள். உருண்டு விழாதபடி பொருள்களைக் கட்டித் தொங்கவிடும் அந்த நுட்பமே இன்றைய வண்டியின் தாழ்ப்பாளிட்ட அலமாரி. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், மேடுபள்ளங்களை எண்ணி உமணர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சினைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். தேவையற்றதை விடுத்தவரே சேம அச்சுக்கு இடம் காண முடியும்.

அத்தாயிடம் நாம் கூறியது இதுவே: “பிள்ளை வீடின்றி வாழவில்லை அம்மா, கடனின்றி வாழ்கிறார்.”

இவ்வாண்டு கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவச் செல்வங்களே! வாழ்க்கை என்னும் வண்டியில் பொருள்களை ஏற்றுமுன் ஒரு தாளை எடுத்து, நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். திருமணச் செலவாயினும், மனை கட்டுவதாயினும் அக்கணக்கே முந்தட்டும். ஆசையின் பட்டியல் பிந்தட்டும். போதுமென்ற மனத்தையும், பிறர்க்குக் கடன்படா வாழ்வையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!